காசு கொடுத்துக் குத்திய ஓட்டு

ஓட்டுக்குக் காசு வாங்குவதைப் பற்றி நம்மூரில் நிறையவே எழுதியாகிவிட்டது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு 'ஃபார்முலா' என்று ஒரு பெயர்கூட ஒட்டிக்கொண்டது. அங்கே கொடுப்பவன் வேட்பாளன், வாங்குபவன் வாக்காளன். நான் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது இதன் தலைகீழ் வடிவம்: வாக்காளனே காசு கொடுத்து ஓட்டுப் போடுகிற விவகாரம். உலக அதிசயம் எது, நாட்டின் சிறந்த பாடகன் யார் என்று இணையத்திலும் கைபேசியிலும் நடக்கும் போட்டிகள். கிருஷ்ணர் வேஷம் போட்ட குழந்தையின் படத்துக்கு 'லைக்' போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கெஞ்சுவது வரைக்கும் இந்தச் சங்கிலி நீள்கிறது. சில்லறைச் சமாச்சாரம் என்று தோழர்கள் ஒதுக்கிவிடக்கூடும். ஒரு மலைப்பிரதேசத்தின் அரசியல் தலைமையே இப்படியொரு போட்டியை ஒட்டி மாறியிருக்கிறது. ஒரு தீவின் நிர்வாகம் தன் ஊழியர்களை உட்காரவைத்துப் பத்துக்கோடி தடவைக்கு மேல் போன் போடச் செய்திருக்கிறது. எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்தப் போட்டிகள் பற்றி வழக்கமாக எழும் புகார் 'மோசடி' என்பது. விளம்பரம் கொடுத்து ஓட்டுப் பிடித்தான், ஆள் வைத்துக் குத்தினான், நிரல் எழுதி இயந்திரத்தை விட்டுக் குத்தினான் என்று தோற்றவர்கள் சொல்வார்கள். பத்திரிகைகளும் அதையே எழுதும. இந்தப் புகாருக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: காசு நுழையாமலிருந்தால் போட்டி சுத்தமாக இருந்திருக்கும் என்று. வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. ஓட்டை விலைக்கு வாங்க வைப்பதற்காகவே கட்டப்பட்ட ஏற்பாட்டில், விலைக்கு வாங்கியவனை மட்டும் திருடன் என்பது வேடிக்கை. யார் வாங்கினார்கள், எதற்காக வாங்க வேண்டிவந்தது, அந்தக் காசு எங்கே போனது என்று கேட்பதுதான் நமக்கு உபயோகப்படும்.

முதலில் ஒரு பழைய கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதை ஏதோ இயற்கையில் விளைந்த விஷயம் போல நாம் பேசிவருகிறோம். 1919 சட்டத்தின்கீழ் 1920ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் ஓட்டு. நிலவரி, வருமானவரி, வீட்டுவரி என்று ஏதாவதொன்று கட்டியவனே 'மக்கள்'. 1935 சட்டத்துக்குப் பிறகும் பிரிட்டிஷ் இந்தியா முழுக்கச் சுமார் மூன்றரைக் கோடிப் பேர்தான் வாக்காளர்கள். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. நமக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் பிரிட்டனிலோ பல்கலைக்கழகப் பட்டதாரிக்கும் வேறு தொகுதியில் தொழில் வைத்திருந்தவனுக்கும் இரண்டாவது ஓட்டு இருந்தது. 1948 சட்டம்தான் அதை ஒழித்தது. உடைமை உள்ளவனுக்குக் கூடுதல் குரல் என்கிற ஏற்பாடு அப்படியொன்றும் தூரத்துப் பழங்கதை இல்லை. நம் தாத்தாக்கள் காலத்துச் சமாச்சாரம். கைபேசி ஓட்டை 'மக்கள் தீர்ப்பு' என்று கொண்டாடியபோது, முன்வாசலில் துரத்தப்பட்ட அந்த ஏற்பாடுதான் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்றால் அதற்கு வேறென்ன பொருள்?

பத்திரிகை முதலாளிகள் இந்த வித்தையை நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் உள்ளூர்ப் பத்திரிகைகள் 'ஊரில் செல்வாக்கான பெண் யார்' என்கிற ரகத்தில் போட்டிகள் நடத்தின. பத்திரிகையில் அச்சான கூப்பனை வெட்டி அனுப்பினால் ஓட்டு. சந்தா கட்டினால் கட்டுக்கட்டாக ஓட்டு. போட்டியில் நிற்கும் பெண் வீடுவீடாகப் போய்ச் சந்தா பிடிப்பாள். பரிசு ஒருத்திக்கு; எல்லோரும் பிடித்துவந்த சந்தா பத்திரிகைக்கு. சம்பளமில்லாத ஏஜெண்டுகளை உற்பத்தி செய்வதற்குப் 'போட்டி' என்று பெயர்.

ஆனால் போட்டி நடத்துகிறவன் எப்போதும் ஓட்டு பெருகுவதை விரும்பினான் என்றும் சொல்லிவிட முடியாது. 1957ல் அமெரிக்க பேஸ்பால் 'ஆல்-ஸ்டார்' ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தபோது, சின்சினாட்டி நகரப் பத்திரிகை ஒன்று உள்ளூர் ஆட்டக்காரர்கள் பெயர் ஏற்கெனவே குறிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்தது. எட்டு இடங்களில் ஏழு அந்த ஊர்க்காரர்களுக்குப் போனது. ஆணையர் அதில் இருவரை நீக்கிவிட்டு வேறு இருவரைச் சேர்த்தார். அத்தோடு விடவில்லை, ரசிகர்களின் ஓட்டுரிமையையே பிடுங்கிக்கொண்டார். 1970 வரை திருப்பித் தரவில்லை. மேலிருந்து விழுந்த அதிகாரத்தின் அடி அது, சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1957ல் அளவுக்கு மீறி விழுந்த ஓட்டு நிர்வாகத்துக்குத் தலைவலி. ஐம்பது வருஷம் கழித்து, ஓட்டுக்குக் கட்டணம் வந்த பிறகு, அதே மிகுதி வருமானமாகிவிட்டது. பிறகு யார் தடுப்பார்கள்?

இணையம் வந்த புதிதில், கட்டணம் ஒட்டுவதற்கு முன்னால், ஒரு குறுகிய இடைவெளி இருந்தது. 2002ல் பி.பி.சி. உலக சேவை தனது எழுபதாவது ஆண்டையொட்டி உலகத்தின் முதல் பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முதலிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்து தேசியப் பாட்டு ஒன்றுக்கு. மின்னஞ்சலில் ஆள் திரட்டி வந்த வெற்றி அது. இரண்டாவது வந்தே மாதரம். மூன்றாவது பாகிஸ்தானின் தேசபக்திப் பாட்டு. நான்காவது தளபதி படத்து 'ராக்கம்மா'. ஐந்தாவது, இடம்பெயர்ந்து நடக்கும் ஈழத் தமிழர்களைப் பற்றித் திருமலைச் சந்திரன் பாடியது. உலகம் இதைப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கமாட்டேன். அந்தப் பட்டியலை இசை ரசனையின் பட்டியலாக வாசிப்பதுதான் அபத்தம். தேசம் கிடைத்தவர்கள், கிடைத்ததில் திருப்தியில்லாதவர்கள், கிடைக்காதவர்கள் ஆகியோரின் வரிசை அது. கணினி முன் உட்கார்ந்து முகம் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து ஒரே பெயரைச் சொடுக்கினார்கள். ஒரே காலையில் ஒரே செய்தித்தாளைப் படிக்கிறவர்கள் தங்களை ஒரு தேசமாகக் கற்பிதம் செய்துகொள்கிறார்கள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கற்பிதத்துக்கு அப்போது காசு கேட்கப்படவில்லை. இப்படியொரு ஏக்கம் இருக்கிறது, அதை எண்ண முடியும் என்று தெரிந்துவிட்ட பிறகு, கட்டணம் போடாமல் சந்தை சும்மா இருக்குமா?

சுவிஸ்-கனடியரான பெர்னார்ட் வெபர் என்பவர் தொடங்கிய 'நியூ7வொண்டர்ஸ்' அமைப்பு உலகின் புதிய ஏழு அதிசயங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இறங்கியது. 2007 ஜூலை 7 அன்று (07-07-07 என்பதில் இருக்கும் சோதிடத்தை விட்டுவிடுவோம்) லிஸ்பன் கால்பந்து மைதானத்தில் முடிவை அறிவித்தது. பத்துக்கோடி ஓட்டுக்கு மேல் விழுந்ததாகச் சொன்னது. இணையத்தில் முதல் ஓட்டு இலவசம். மேற்கொண்டு வேண்டுமானால் விலைக்கு வாங்கலாம். தொலைபேசியிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் கையிருப்பு உள்ளவரை குத்தலாம். பிரேசிலில் ரியோ கிறிஸ்து சிலைக்காக ஒரு பெரிய வங்கியும் நாட்டின் முதன்மைத் தொலைக்காட்சியும் காசை இறைத்தன. அங்கே தொலைபேசிக் கம்பெனிகள் அந்த ஓட்டுக்கான கட்டணத்தையே தள்ளுபடி செய்தன. ஜோர்டானில் பெட்ராவுக்காக ராணி ரானியாவே இறங்கினார். எழுபது லட்சம் பேருக்கு மேற்படாத அந்த நாட்டிலிருந்து ஒரு கோடியே நாற்பது லட்சம் ஓட்டு விழுந்ததாகக் கணக்கு. இந்தியாவில் செய்திச் சேனல்கள் தாஜ் மகாலுக்கு ஓட்டுப் போடாதவன் தேசத்துரோகி என்று மட்டும்தான் சொல்லவில்லை. கிறிஸ்து, பெட்ரா, தாஜ் மகால் மூன்றும் ஜெயித்தன. இணையம் கைக்கு எட்டியவர்களின் கருத்தைத்தான் இது காட்டும், அதிசயங்களைப் பாதுகாக்க இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று யுனெஸ்கோ 2007 ஜூனிலேயே விலகி நின்றது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதுரை வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. தொடக்கச் சுற்றுகளில் மீனாட்சியம்மன் கோயிலும் பட்டியலில் இருந்தது. முதல் முப்பதுக்குள் வந்ததாகச் செய்தி வந்தது. பிற்பாடு 77 இடங்களை 21 ஆகக் குறைத்தது மக்கள் ஓட்டு இல்லை. யுனெஸ்கோவின் முன்னாள் தலைமை இயக்குநர் பெதெரிகோ மேயர் தலைமையில் ஜஹா ஹதீத், ததாவ் அந்தோ முதலிய கட்டடக்கலை வல்லுநர்கள் உட்கார்ந்த குழு. மீனாட்சி அங்கே கழிந்தாள். 'மக்கள்' எங்கே தொடங்கி எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்பதை நடத்துபவனே தீர்மானிக்கிறான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் வேண்டியதில்லை. அந்தக் கோபுரத்துக்குள் 1939 ஜூலை 8 வரை தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைய முடியாது என்பதும் என் நினைவுக்கு வருகிறது. 'நமது பெருமை' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொன்னபோது அந்த 'நமது'வுக்கு வயது எழுபதுகூட ஆகியிருக்கவில்லை.

காசு போன வழியைக் கொஞ்சம் பார்ப்போம். சாதாரணக் குறுஞ்செய்திக்கு ஒரு ரூபாய் என்றால் போட்டிச் செய்திக்கு அதைவிடக் கூடுதல். அந்த மிகுதி தொலைபேசிக் கம்பெனி, இடைத்தரகு நிறுவனம், நிகழ்ச்சி நடத்துபவர் என்று பிரியும். 2007ல் 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்வையாளர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போட்டி நடத்தினார்கள். ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. அது ஓட்டுப் போட்டி இல்லைதான், ஆனால் குழாய் அதே குழாய். பரிசுப்பணம் நேயர்கள் அனுப்பிய காசிலிருந்தே வருகிறது, அதை மறைத்தது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உச்சநீதிமன்றம் பிற்பாடு அதை ரத்து செய்துவிட்டது. பிரிட்டனில் இதே 2007ல் தொலைபேசிப் போட்டி ஊழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. 2008 மே மாதம் ஐ.டி.வி. நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. காசு வாங்கிக்கொண்டு நேயர்களின் அழைப்புகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. காசு கொடுத்துப் போட்ட ஓட்டுக்குக்கூட எண்ணப்படும் உத்தரவாதம் இல்லை.

இதுவரை சொன்னதில் மக்கள் வெறும் ஏமாளிகளாகத் தெரிகிறார்கள். அந்தப் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காகத்தான் டார்ஜிலிங் பக்கம் போகவேண்டியிருக்கிறது.

அதே 2007. சோனி தொலைக்காட்சியில் 'இந்தியன் ஐடல்' மூன்றாவது சுற்று. கல்கத்தா போலீசில் கான்ஸ்டபிளாக இருந்த டார்ஜிலிங்காரர் பிரசாந்த் தமாங் ஒவ்வொரு படியாக மேலே போகிறார். நடுவர்கள் அவரை அப்படியொன்றும் தூக்கிவைத்துப் பேசவில்லை. மலைமக்கள் தூக்கினார்கள். சந்தா வசூலித்தார்கள், சிம் கார்டு வாங்கினார்கள், கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்து குத்தினார்கள். வங்காளத் தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலி ஐம்பது ரூபாய்ப் பக்கமாக இருந்த காலம் அது. கூலியிலிருந்து எடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்புவது என்றால் அது பொழுதுபோக்குச் செலவு ஆகாது. ஏன் செய்தார்கள்? நிகழ்ச்சியின் பெயரை மறுபடி படியுங்கள். 'இந்தியன்' ஐடல். இந்தியாவிலேயே பிறந்து நூறு வருஷமாக இந்தியப் பட்டாளத்தில் செத்தும், 'நேபாளி' என்று வெளிநாட்டவர் கணக்கில் வைக்கப்பட்டவர்கள். அவர்கள் மொழி எட்டாவது அட்டவணையில் ஏறியதே 1992ல்தான். 1980களின் நடுவில் மேகாலயாவிலிருந்து நேபாளிகள் கூட்டம்கூட்டமாக விரட்டப்பட்டிருந்தார்கள். இறுதிச்சுற்றில் எதிரே நின்றவர் அந்த மேகாலயாவின் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். அங்கேயும் ஒரு கதை உண்டு. வங்காளிகளுக்கும் காசி இன மக்களுக்கும் 1979 முதல் ரத்தம் சிந்திய ஊரில், வங்காளிப் பையனுக்காகக் காசிகளும் சேர்ந்து ஓட்டுப்போட்டார்கள். முதலமைச்சரே அவரை மாநிலத்தின் தூதர் என்று அறிவித்தார்.

செப்டம்பர் 23 அன்று தமாங் ஜெயித்தார். சுமார் ஏழு கோடி ஓட்டு விழுந்ததாகச் சொல்லப்பட்டது. அந்த வாரமே டில்லி பண்பலை வானொலி அறிவிப்பாளர் ஒருவர், கூர்க்காக்கள் பாட வந்துவிட்டால் இரவுக்காவலுக்கு ஆள் எங்கே என்கிற தொனியில் ஜோக்கடித்தார். செப்டம்பர் 28 அன்று சிலிகுரியில் கலவரம், ஊரடங்கு, ராணுவம். நாலு மாதமாகக் காசு கொட்டி 'நாங்களும் இந்தியர்கள்' என்று சொன்னதற்கு ஒரு நிமிஷ ஜோக்கில் பதில் வந்துவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரசிகர் மன்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பிமல் குருங். 1986 போராட்டத்தின் தலைவரும் அப்போது மலைக்கவுன்சிலின் அதிபதியுமான சுபாஷ் கிசிங்கின் கட்சியிலிருந்தவர். தமாங் விஷயத்தில் கிசிங் பட்டும்படாமல் இருந்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. ஓட்டுக்காகப் பின்னப்பட்ட வசூல் வலை, தெருவுக்குத் தெரு இருந்த குழு, யார் எவ்வளவு தருவார் என்கிற கணக்கு எல்லாம் அப்படியே கையிலிருந்தன. 2007 அக்டோபர் 7 அன்று கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா பிறந்தது. 2008 மார்ச்சில் கிசிங் பதவி விலகினார்; மலையைவிட்டே வெளியேற வேண்டிவந்தது. கூர்க்காலாந்துக் கோரிக்கை மறுபடி தெருவுக்கு வந்தது. ஆக, தொலைக்காட்சிக் கம்பெனியின் கல்லாவுக்காக மக்கள் திரட்டப்பட்டபோது, அந்தத் திரட்சியில் ஒரு மிச்சம் இருந்தது. கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை, மக்களுக்குத் தேவைப்பட்டது. ஊடகங்கள் விளித்தால் மக்கள் பொம்மைகளாகத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அல்துஸ்ஸரை மேலோட்டமாகப் படித்துவிட்டு எழுதுகிற நண்பர்கள் டார்ஜிலிங்கை யோசிக்கவேண்டும். கூடவே இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 2012ல் மோர்ச்சாவின் கையில் வந்து சேர்ந்தது தனிமாநிலம் அல்ல. இன்னொரு நிர்வாகக் கவுன்சில். கிசிங்கை எந்த நாற்காலியிலிருந்து இறக்கினார்களோ கிட்டத்தட்ட அதே நாற்காலி.

டார்ஜிலிங்கில் காசு கொடுத்தது மக்கள். அடுத்த கட்டத்தில் அரசாங்கங்களே கொடுக்க ஆரம்பித்தன. நியூ7வொண்டர்ஸ் அடுத்து 'இயற்கை அதிசயங்கள்' போட்டியை அறிவித்தது. முடிவு 2011 நவம்பர் 11 அன்று. 28 இடங்கள் இறுதிச்சுற்றில். சேர்வதற்குக் கட்டணம் 199 டாலர்தான். உள்ளே போனபிறகுதான் மற்றது. மாலத்தீவிடம் 'பிளாட்டினம்' ஸ்பான்சர் என்றால் 3,50,000 டாலர், இல்லாவிட்டால் 'கோல்டு' இரண்டு, தலா 2,10,000 டாலர் என்று கேட்டார்கள். இவர்கள் சுற்றிப்பார்க்க வரும்போது விமானச்செலவு, தங்கும்செலவு, பலூன் சவாரி எல்லாம் தனி. மாலத்தீவு 2011 மே மாதம் 'வேண்டாம் சாமி' என்று விலகியது. கடல்மட்டம் உயர்ந்து மூழ்கிக்கொண்டிருக்கும் நாட்டிடம் இயற்கை அதிசயம் என்பதற்கு வாடகை கேட்டவர்கள்! இந்தோனேசியாவிடம் விழாவை ஜகார்த்தாவில் நடத்த உரிமத்தொகையாக ஒரு கோடி டாலர் கேட்கப்பட்டது. அமைச்சகம் மறுத்து ஒதுங்கிக்கொண்டது. அங்கே முன்னாள் துணை அதிபர் யூசுப் கல்லா கொமோடோவுக்காகக் களத்தில் இறங்க, ஆயிரம் ரூபியா எஸ்.எம்.எஸ். கட்டணம் ஒரு ரூபியாவாகக் குறைக்கப்பட்டது. கொமோடோ ஜெயித்தது.

ஜெயித்த இன்னொரு இடம் தென்கொரியாவின் ஜெஜு தீவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். முன்னாள் பிரதமர் ஒருவர் தலைமையில் தேசியக் குழு. மாகாண அரசு அலுவலகங்களில் ஊழியர்கள் நாள்தோறும் போனை எடுத்து எண்ணைச் சுழற்றும் வேலை. ஒரு அரசு அலுவலகத்தில் கோப்பு நகர எத்தனை நாளாகும் என்று தெரிந்த நமக்கு இந்தச் சுறுசுறுப்பு பொறாமையைத் தரும். பத்துக்கோடி அழைப்புக்கு மேல். மாகாண அரசின் தொலைபேசிக் கட்டணம் 2,000 கோடி வொன்னைத் தாண்டியது. பொதுப்பணம். 2012ல் கே.டி. தொலைபேசி நிறுவனத்தின் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் உள்ளிருந்தே ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தார்: சர்வதேச அழைப்பு என்று சொல்லிக் கட்டணம் வாங்கிய இந்த ஓட்டு அழைப்புகள் உண்மையில் வெளிநாட்டுக்குப் போய்ச் சேரவேயில்லை, உள்நாட்டிலேயே முடிந்தன என்று. அவரைத் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள், பிறகு வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போய் ஜெயிக்க வருஷங்களாயின. நிறுவனத்துக்கு 2013ல் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த அபராதம் 35 லட்சம் வொன். இரண்டாயிரம் கோடிக்குப் பக்கத்தில் இதை எழுதிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் நடுவே, அதே தீவின் தென்கரையில் கங்ஜொங் என்றொரு கிராமம். கடற்படைத் தளம் கட்டுவதற்காக அந்தக் கடற்கரையை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்தார் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். கத்தோலிக்கக் குருமார்கள், கன்னியாஸ்திரீகள், மீனவர்கள், மாணவர்கள் என்று படுத்தார்கள், இழுத்துச் செல்லப்பட்டார்கள், சிறைக்குப் போனார்கள். கரையோரமாக நீண்டு கிடந்த ஒற்றைப் பெரும்பாறை குரொம்பி. ஊற்று சுரக்கும், ஊரார் வழிபாடு செய்யும் பாறை. 2012 மார்ச் 7 அன்று அதற்கு வெடி வைக்கத் தொடங்கினார்கள். ஜெஜுவை இயற்கை அதிசயம் என்று பத்துக்கோடி தடவை போனில் சொல்லி நாலு மாதம்கூட ஆகவில்லை. 1948ல் கம்யூனிஸ்ட் ஒழிப்பு என்ற பெயரில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்ட தீவு அது. பல பத்தாண்டுகளாக அதைப் பற்றி வாய்திறப்பதே குற்றமாக இருந்த தீவு. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில் ஆளும் தரப்புக்கு நீண்ட பயிற்சி உண்டு. கங்ஜொங் கிராமத்தார் கேட்டதும் ஓட்டுத்தான். 2007 ஏப்ரலில் ஊரில் நூற்றுக்கும் குறைவானவர்களைக் கூட்டி வைத்துத் தளத்துக்கு ஒப்புதல் வாங்கியதை ஏற்காமல், அந்த ஆகஸ்டில் கிராமமே கூடி ஓட்டெடுத்து மிகப்பெரும்பான்மையாக வேண்டாம் என்றது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, இலவசம். அது செல்லவில்லை. தளம் 2016ல் கட்டி முடிக்கப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் தொழில்நுட்பம் மாறியது, உழைப்பு மாறவில்லை. ஓட்டுக்குக் காசு வாங்காத போட்டிகளிலும் ஓட்டை மொத்தமாக விற்கும் வியாபாரம் தனியாக வளர்ந்தது. ஆயிரம் ஓட்டு இவ்வளவு, பத்தாயிரம் இவ்வளவு என்று விலைப்பட்டியல் போட்டு விற்பார்கள். 2017 ஜூனில் தாய்லாந்தின் கம்போடிய எல்லையோரம் ஒரு வீட்டில் போலீஸ் நுழைந்தபோது, இரும்புச் சட்டங்களில் வரிசையாக மாட்டிய சில நூறு ஐபோன்களும் மூன்று லட்சத்துக்கு மேல் சிம் கார்டுகளும் இருந்தன. விருப்பத்தையும் பார்வையையும் கூலிக்கு உற்பத்தி செய்யும் தறிக்கூடம். திருப்பூர்ப் பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் புதிதாக இருக்காது.

கடைசியாகச் சீனா. அங்கே ஐசியி என்னும் இணையத்தளம் நடத்திய இளைஞர் பாட்டுக்குழுத் தேர்வு நிகழ்ச்சிக்கு மெங்னியு என்கிற பால் கம்பெனி ஸ்பான்சர். ஓட்டுக்கான குறியீட்டைப் பால்பானப் புட்டியின் மூடிக்கு உட்புறம் அச்சடித்தார்கள். மூடியைத் திறந்தால்தான் ஸ்கேன் செய்ய முடியும். திறந்தால் பால் விற்க முடியாது. ரசிகர் மன்றங்கள் காசு திரட்டிப் பெட்டிபெட்டியாக வாங்கின. அவ்வளவு பாலை யார் குடிப்பது? 2021 மே முதல் வாரத்தில் ஒரு காணொளி பரவியது. கால்வாய் ஓரத்தில் வயதான பெண்கள் சிலர் வரிசையாக உட்கார்ந்து புட்டிகளைத் திறக்கிறார்கள். மூடி ஒரு பக்கம் சேர்கிறது, பால் கால்வாயில் ஓடுகிறது. உணவு விரயத்துக்கு எதிரான சட்டம் அந்நாட்டில் நிறைவேறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதிகாரிகள் இறுதிச்சுற்றை நிறுத்தினார்கள். கம்பெனிகள் மன்னிப்புக் கேட்டன. ஆகஸ்டில் காசு கொடுத்து ஓட்டுப்போடத் தூண்டுவதும், செப்டம்பரில் இந்த ரக நிகழ்ச்சிகளே கூடாது என்றும் தடை வந்தது. 'பகுத்தறிவில்லாத ரசிகர்கள்' என்று இளைஞர்கள் தலையில் பழியைப் போட்டுப் பேசினார்கள். மூடிக்கு உட்புறத்தில் அச்சடிக்கலாம் என்று யோசித்துச் சொன்ன விளம்பரத்துறை மூளையைப் பற்றிய பேச்சு அதில் குறைவாகவே இருந்தது.